மரங்களுக்கும் ஒரு வருகைப் பதிவேடு



வகுப்பில் ஆசிரியர் பெயர் வாசித்தால் "உள்ளேன் ஐயா!" என்று குரல் கொடுக்கிறீர்கள் அல்லவா? நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப் பெயர் வாசித்தவன்தான். ஆனால் ஒரே ஒரு முறை, மாணவர்களுக்குப் பதிலாக மரக்கன்றுகளுக்குப் பெயர் வாசித்தேன். அன்று எத்தனை கன்றுகள் 'ஆப்சென்ட்' தெரியுமா? கேளுங்கள்.

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே இருந்த ஒரு கிராமப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் ஆசிரியர். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்காக வனத்துறை நாற்றங்காலில் 42 கன்றுகள் கேட்டு வாங்கி வந்தோம். வேம்பு, புங்கை, நெல்லி, புளி. வகுப்பில் 42 பேர். ஆளுக்கு ஒன்று கொடுத்து, "அவரவர் வீட்டில் நட்டு வளருங்கள்" என்றேன். ஒரு நோட்டில் 1 முதல் 42 வரை எண் போட்டு, யாருக்கு என்ன கன்று என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அந்த நோட்டை எடுத்தேன்.

"ஒன்று, வேம்பு?"

"ஆடு கடிச்சிருச்சு சார்!"

"இரண்டு, புங்கை?"

"காஞ்சு போச்சு சார்!"

"மூன்று, நெல்லி?"

"தங்கச்சி பிடுங்கிட்டா சார்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசி எண் வரைக்கும் வாசித்துக் கூட்டிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. உயிரோடு இருந்தவை 9. மீதி 33 கன்றுகளும் போய்விட்டன!

எனக்குக் கோபமான கோபம். "ஒரு கன்றைக் காப்பாற்றத் துப்பில்லையா?" என்று எல்லோரையும் திட்டினேன். மறுநாள் காலையில் ஒரு மாணவனின் தாத்தா துண்டை உதறிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைகளை ஏன் வையிறீக வாத்தியாரே? வைகாசியில கன்னைக் குடுத்துட்டு, புரட்டாசியில எங்கேன்னு கேட்டா அதுக பாவம் என்ன செய்யும்? இந்தக் காட்டுல எவனாவது அந்த மாசம் மரம் நடுவானா?"

திருப்பிச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தப்பு பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது.

யாருடைய மழை?

ஜூன் 5 ஏன் சுற்றுச்சூழல் தினம்? 1972ஆம் ஆண்டு அதே நாளில்தான் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் சுற்றுச்சூழல் பற்றிய ஐ.நா. மாநாடு தொடங்கியது. அந்த நாளுக்கும் நம் ஊர் மழைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இன்னொன்று, ஜூலை மாதம் கொண்டாடும் வன மகோத்சவம். 1950ஆம் ஆண்டு மத்திய அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷி தொடங்கி வைத்தது. ஜூலையில் கேரளத்திலும் வட மாநிலங்களிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே அப்போது நட்டால் கன்று தானாகத் தழைத்துவிடும்.

நம் பக்கம் எப்படி? அந்த மழையை மேற்குத் தொடர்ச்சி மலை பிடித்து வைத்துக்கொள்கிறது. மலை தாண்டி நமக்கு வருவது வறண்ட காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று! நேற்று நட்ட கன்றின் இலையில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக் குடித்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லி மீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகத்தான் கிடைக்கிறது.

கரிசல் மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நீங்கள் விளையாடும்போது பந்து கூட அந்த வெடிப்புக்குள் போயிருக்கும். வெடிக்கும்போது கன்றின் மெல்லிய வேர்களும் அறுந்து போகின்றன. தண்ணீர் ஊற்றியும் கன்று ஏன் காய்ந்தது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இரண்டாம் முறை

அந்த ஆண்டு ஐப்பசியில் மறுபடி நாற்றங்காலுக்குப் போய் 33 கன்றுகள் வாங்கி வந்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இந்த முறை அந்தத் தாத்தாவையே வகுப்புக்கு அழைத்துவிட்டோம். அவர் சொல்லச் சொல்ல நானும் கரும்பலகையில் எழுதினேன்.

குழியை நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாக மழைக்கு முன்பே, புரட்டாசியில் தோண்டி ஆறப் போட வேண்டும். (நாங்கள் அதற்கும் பிந்திவிட்டோம்!) தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, அதில் மக்கிய சாணியும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து குழியில் போட வேண்டும். கரையானுக்குப் பிண்ணாக்கு வாசனை ஆகாது. ஒரு நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு, பையைக் கிழித்து எறிந்துவிட்டு வேர் மண் உதிராமல் நட வேண்டும். நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பள்ளப் பக்கத்தில் பிறை நிலா மாதிரி ஒரு சின்ன வரப்பு. ஓடி வரும் மழைத் தண்ணீர் அதில் தேங்கி வேருக்கு இறங்கும். கன்றைச் சுற்றிக் கடலைத்தொலி, கம்பந்தட்டை, சருகு, எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு. தண்டை மட்டும் ஒட்டக் கூடாது.

ஆட்டுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் வேலிக்காத்தான் இருக்கிறதே! சீமைக் கருவேலம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1870களில் ஜமைக்கா தீவில் இருந்து விதை கொண்டுவந்து விதைத்தார்கள். இன்று திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அதுதான் ராஜா. மற்ற செடிகளை வளரவிடாது என்று எல்லோரும் அதைத் திட்டுகிறோம். ஆனால் வெட்டிக் காய்ந்த அதன் முள்ளை வட்டமாக அடைத்தால் எந்த ஆடும் கிட்டே வராது. முள் அடைக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். அந்த முள் காலில் ஏறினால் நடக்கவே முடியாது.

கோடைக்குத்தான் பெரிய சிக்கல். எங்கள் பக்கம் குடம் கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் "மரத்துக்கு ஊற்று" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழியைக் கண்டுபிடித்தது என் வகுப்பு மாணவி ஒருத்திதான். நோட்டில் அவள் எண் 23.

அவள் வீட்டில் பழைய மண்பானை ஒன்று இருந்தது. அதன் அடியில் சிறு துளை போட்டு, பழைய வேட்டித் துணியைத் திரியாகத் திரித்துச் செருகினாள். கன்றில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பானையைக் கழுத்து வரை புதைத்தாள். வாரம் ஒரு குடம் ஊற்றி, வாயை ஓட்டால் மூடி வைத்தாள். மூடாவிட்டால் கொசு முட்டையிடும். வெயில் குடிக்காமல், தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேரே வேருக்குப் போனது! "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "எங்க அப்பத்தா, சார். பூசணிக்கு இப்படித்தான் வப்பாங்களாம்" என்றாள்.

பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்து வியந்தேன். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண்மை நூலில் இதே பானை முறை இருக்கிறதாம். அவரும் பூசணி வகைக் கொடிக்குத்தான் சொல்லியிருக்கிறார்!

2005 ஜூனில் மறுபடி பெயர் வாசித்தேன். 42 எண்களில் 29 "உள்ளேன் ஐயா" சொன்னது. அன்று நான் யாரையும் திட்டவில்லை.

உங்கள் வீட்டு மரத்துக்கு யார் உதவுவார்கள்?

தெருவோரத்து மரத்தை நகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டு வாசலுக்குள், உங்கள் அப்பாவின் புஞ்சையில் நிற்கிற மரத்தை? அது சொந்த மரம், சொந்தப் பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, குழந்தைகளே.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 'மரப் பட்டா' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? புறம்போக்கு நிலத்தில் ஒருவர் மரம் வைத்து வளர்த்தால், நிலம் அரசாங்கத்துடையது. மரத்தின் காயும் கனியும் வளர்த்தவருடையது என்று எழுதிக் கொடுக்கும் உரிமை அது. கிராமக் கணக்கில் இதற்குத் தனிப் பதிவேடே உண்டு. '2சி' என்று பெயர். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார். பார்த்தீர்களா, நான் நோட்டுப் போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே மரங்களுக்குப் பதிவேடு இருந்திருக்கிறது!

புதிய கதைக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு தமிழக அரசு வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்டது. அதில் 'நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்' என்று ஒரு திட்டம். முதல் ஆண்டில் 73 லட்சம் மரக்கன்றுகளை உழவர்களின் சொந்த நிலத்தில் நடுவதற்கு இலவசமாகத் தர ஏற்பாடு. தேக்கு, செம்மரம், மகோகனி, வேம்பு போன்றவை. வரப்பு ஓரம் மட்டும் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று, வயல் முழுக்க நட்டால் 160 கன்று. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். செல்போன் வராதவர்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம்.

எனக்குப் பிடித்தது இலவசம் இல்லை. அடுத்த வரிதான்! நட்ட பிறகு இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு ஆகிய மூன்று ஆண்டுகளும், உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் அங்கேயும் யாரோ போய்ப் பெயர் வாசித்தாக வேண்டும் அல்லவா?

ஒரு கணக்குப் போடுங்கள். 160 கன்று நட்டவருக்கு அத்தனையும் பிழைத்தால் ஒரு ஆண்டுக்கு எவ்வளவு? 1,120 ரூபாய். 120 மட்டும் பிழைத்தால்? 840 ரூபாய். குழி தோண்டிய கூலிக்குக்கூட இது காணாது என்று ஒரு சம்சாரி என்னிடம் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான். எங்கள் பக்கம் 7 ரூபாயைவிட 7 குடம் தண்ணீர் பெரிது. ஆனாலும் நட்ட நாளுக்குப் பணம் கொடுக்காமல் பிழைத்த நாளுக்குக் கொடுக்கிறார்களே, அந்த யோசனை எனக்கு முன்பே வந்திருந்தால் 33 கன்று செத்திருக்காது.

அதே பட்ஜெட்டில் பனைக்கும் இடம் கிடைத்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதையும், ஒரு லட்சம் பனங்கன்றும் தர ஏற்பாடு. பனை மரத்தை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். பனை நம் மாநில மரம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? விதையை மழைக்கு முன் ஊன்றிவிட்டால் போதும், குடம் தூக்க வேண்டிய வேலை இல்லை. என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு ஏற்ற மரம்!

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்தில் இருந்து 33 சதவீதமாகப் பத்து ஆண்டுகளில் உயர்த்துவது இதன் குறிக்கோள். காட்டுக்குள் மட்டும் நட்டு இதை எட்ட முடியாது. உங்கள் வீட்டு வேம்பும் கணக்கில் வந்தாக வேண்டும்.

மரத்துக்கு நோய் வந்தால்? அருப்புக்கோட்டையில் இருந்து சற்றுத் தூரத்தில் கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். மானாவாரி நிலத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஆராய்வதே அவர்கள் வேலை. நோய் கண்ட கொப்பை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டுங்கள். டாக்டரிடம் போவது மாதிரிதான்.

டாக்டர் என்றதும் நினைவு வருகிறது. 2019 மே 22 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு சென்னையில் கொடி அசைத்து ஒரு ஆம்புலன்ஸை அனுப்பி வைத்தார். மனிதர்களுக்கு இல்லை, மரங்களுக்கு! சாய்ந்த மரத்தை நிமிர்த்த, வேறு இடத்தில் நட, நோய்க்கு மருந்து போட என்று கருவிகளோடு போகும் வண்டி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், வீட்டில் நட்டுக்கொள்வதாக எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஏழு மரங்கள் வரை இலவசமாகத் தருகிறார்கள். அந்த ஊரின் ஆண்டு மழை நம் மாவட்ட மழையில் பாதிகூட இல்லை! ஆனால் அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதையும் சொல்லிவிட வேண்டும். நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் மரப் பாதுகாப்புப் பகுதி என்று சில இடங்களை அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேல் வளர்ந்த மரம், சொந்த வீட்டில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 2001 முதல் மிகப் பெரிய, பழைய மரங்களுக்குப் 'பாரம்பரிய மரம்' என்று பட்டமும் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட மரங்களுக்கு இடிதாங்கிகூடப் பொருத்துகிறார்கள்!

கிளையை எப்படி வெட்டுவது?

இதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் அரிவாளைத் தொட வேண்டாம். மின்கம்பி பக்கத்தில் கிளை இருந்தால் அப்பாவும் தொடக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவர்கள்தான் வெட்ட வேண்டும்.

பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் என்ன ஆகும்? பாதி வெட்டும்போதே கிளை கனத்தால் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு விழும். அந்தக் காயத்தில் பூஞ்சையும் பூச்சியும் குடியேறும். அதனால் மூன்று வெட்டு. முதலில் அடிமரத்தில் இருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் ரம்பத்தால் கொஞ்சம் அறுக்க வேண்டும். அடுத்து அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை கிழியாமல் விழுந்துவிடும். கடைசியாக மிச்சம் நிற்கும் முளையை, கிளை முளைத்த இடத்தில் மோதிரம் போலப் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே சுத்தமாக அறுக்க வேண்டும். அந்த மோதிரத்தை வெட்டிவிடக் கூடாது. காயத்தை மூடும் புதுப் பட்டை அங்கிருந்துதான் வளரும்.

கடைப் பலகை மாட்டவும் கொடி கட்டவும் மரத்தில் ஆணி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றால் கட்டினால் பலகை நிற்காதா? கட்டிய கயிற்றையும் ஆண்டுக்கு ஒரு முறை தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் மரம் பருக்கும்போது அதன் கழுத்தை நெரிக்கும். வாசலுக்குச் சிமெண்டுத் தளம் போடுகிறவர்கள் மரத்தடியை ஒட்டிப் பூசிவிடுகிறார்கள். சுற்றிலும் இரண்டு மூன்று அடியாவது மண்ணாக விட்டால்தான் வேர் மூச்சு விடும், தண்ணீரும் இறங்கும்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது. 29 மரங்களில் சில வீடு கட்டும்போது போயின; ஒன்று காற்றில் சாய்ந்தது; சிலர் ஊரை விட்டே போய்விட்டதால் அவர்கள் மரம் என்ன ஆனதென்று எழுதவில்லை. சென்ற பங்குனியில் 23ஆம் எண் வீட்டுக்குப் போனேன். அந்த மாணவி இப்போது கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். வாசலில் புங்கை நின்றது. அடிமரத்தை நூல் வைத்து அளந்தேன். 3 அடி 4 அங்குலம். நோட்டை எடுத்து, "இருபத்து மூன்று, புங்கை" என்று சும்மா வாசித்தேன்.

"உள்ளேன் ஐயா!" என்று திண்ணையில் இருந்து குரல் வந்தது. அவளுடைய அம்மா, மரத்து நிழலில் உட்கார்ந்து மல்லிகைப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.